மலை ரயிலுக்கு ஒரே ஒரு டிக்கெட்

செஞ்சியில் ரயில் கிடையாது. ரயில் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கே திண்டிவனத்துக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் மேற்கே திருவண்ணாமலைக்கு. அந்த ஊரிலேயே பிறந்து, அந்த ஊரிலேயே கல்யாணமாகி, அந்த ஊரிலேயே தனிக்கட்டையாகவும் ஆகிப்போன மீனம்பாளுக்கு ஒரு ரயில் மேல் ஆசை வந்தது என்றால், அதற்கு அவள் பார்த்த வேலைதான் காரணம். அவள் டூர் சமையல்காரி.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் சின்னதாக ஓர் அறை பிடித்து கோதண்டராமன் என்பவர் டூர் நடத்திவந்தார். மார்கழியில் சபரிமலை, தை பிறந்தால் ஆறுபடை வீடு, மே மாதம் ஊட்டி. ஊட்டிதான் அவருக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது. ஆட்கள் பஸ்ஸில் போவார்கள். அண்டா, அடுப்பு, சிலிண்டர், அரிசி மூட்டை, வெங்காய மூட்டை, இவற்றோடு மீனம்பாளும் பின்னால் ஒரு வேனில் போவாள். வேன் ஓட்டுகிற வீரமணி காதில் எந்நேரமும் ஒயர் செருகியிருப்பான். செஞ்சியில் ஏறினால் மேட்டுப்பாளையம் வரைக்கும் அவனோடு பேச ஒரு பேச்சும் இருக்காது.

மேட்டுப்பாளையத்தில் பொழுது விடிகிற நேரத்துக்கு பஸ்ஸில் வந்தவர்களை எல்லாம் ரயில்வே ஸ்டேஷனில் இறக்கிவிடுவார் கோதண்டராமன். அங்கிருந்து குன்னூர் வரைக்கும் அவர்களுக்கு நீராவி ரயில். மாசக்கணக்கில் முன்னாலேயே டிக்கெட் போட்டு வைத்திருப்பார். வேன் மட்டும் ரோட்டு வழியாக மேலே போகும். ரயில் குன்னூர் போய்ச் சேருவதற்குள் சாப்பாடு தயாராக இருக்க வேண்டும். அங்கே ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டை அரைநாள் வாடகைக்கு எடுத்திருப்பார்கள். சாம்பார் கொதித்து, ரசம் நுரை கட்டி, அப்பளம் பொரித்துக் கூடையில் கொட்டும்போது ரயிலில் வந்தவர்கள் திமுதிமுவென்று உள்ளே நுழைவார்கள். தலைமுடியெல்லாம் புகைவாடை. வாயெல்லாம் பேச்சு.

"சமையக்காரம்மா, நீ பாக்கணும்மா. ஒரு குகைக்குள்ள போவுது பாரு, ஒண்ணுமே தெரில. எல்லாரும் ஓன்னு கத்துறாங்க."

"அப்புறம்?" என்று மீனம்பாள் கேட்பாள்.

"ரசம் ஊத்து" என்பார்கள்.

இப்படியே பத்து வருஷத்துக்கு மேல் போயிற்று. ஒவ்வொரு மே மாதமும் அந்த ரயிலைப் பற்றிய பேச்சு அவளுக்கு அரைகுறையாகவே வந்து சேர்ந்தது. சோறு போடும்போது கொஞ்சம், இலை எடுக்கும்போது கொஞ்சம். ரயிலையும் அவள் அப்படித்தான் பார்த்தாள். மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்கும்போது காம்பவுண்டு சுவருக்கு மேலே புகை மட்டும் தெரியும். கல்லாறு தாண்டி ஒரு வளைவில் வண்டியின் சூடு தணிய வீரமணி நிறுத்துவான். அங்கே நின்று பார்த்தால் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், மரங்களுக்கு நடுவே, வெள்ளையாக ஒரு புகை மெல்ல மெல்ல மேலே நகரும். கொஞ்ச நேரம் கழித்து அதன் ஊதல் வரும். மீனம்பாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கையை ஆட்டுவாள். அந்தப் பக்கமிருந்தும் யாரோ ஆட்டுகிற மாதிரி இருக்கும்.

"இன்னாம்மா, யாருக்கு டாட்டா காட்டுற?" என்று ஒருமுறை வீரமணி ஒயரைக் கழற்றிவிட்டுக் கேட்டான்.

"சும்மாதான்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிக்கொண்டாள்.

மீனம்பாளின் மற்ற நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லை. புருஷன் துரைக்கண்ணு ஆட்டோ ஓட்டுகிறவன். கெட்டவன் என்று சொல்ல முடியாது; அடித்ததில்லை, குடித்துவிட்டு வந்து கத்தியதில்லை. ஒருநாள் பக்கத்து அனந்தபுரத்தில் ஒருத்தியோடு குடும்பம் ஆகிவிட்டது என்று அவனே வந்து சொன்னான். சொல்லும்போது அவன் கண் கலங்கியது. "நீ இரு, நான் அப்பப்ப வந்து பாத்துக்கிறேன்" என்றான். கொஞ்ச நாள் வந்தான். பிறகு அங்கே ஒரு பிள்ளை பிறந்தது, இன்னொன்றும் பிறந்தது, வருவது நின்றுபோனது. அவன் ஆட்டோ மட்டும் தினமும் அனந்தபுரத்துக்கும் செஞ்சிக்கும் ஓடிக்கொண்டிருந்தது. கடைத்தெருவில் எதிரே வந்தால் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். சின்ன ஊரில் பிரிந்து வாழ்வதில் உள்ள கஷ்டம் அதுதான். பிரியவும் முடியாது.

டூர் இல்லாத நாட்களில் அவள் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போவாள். அமாவாசை வந்தால் மேல்மலையனூரில் ஓர் இட்லிக் கடையில் வேலை. அம்மன் கோவிலுக்கு ஸ்பெஷல் பஸ் பஸ்ஸாக ஜனம் வந்து இறங்கும். அன்று அவள் ஊற்றுகிற இட்லிக்குக் கணக்கே இருக்காது. அத்தனை கூட்டத்தில் யாரும் அவளிடம் "இன்னும் ரெண்டு" என்பதைத் தவிர வேறொரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். காலையில் முதல் பஸ் பிடித்து வீடு வந்து, கதவைத் திறந்து, விளக்கைப் போட்டுவிட்டு உட்காருவாள். கொஞ்ச நேரம் காதில் கூட்டத்தின் இரைச்சல் இருக்கும். அதுவும் அடங்கிவிடும்.

ஒரு வருஷம் சித்திரை முடிகிற நேரத்தில் கோதண்டராமனிடமிருந்து போன் வரவில்லை. மீனம்பாள் தன் பையை எடுத்து வெயிலில் காயவைத்தாள். ஸ்வெட்டரைத் துவைத்தாள். பிறகு தானே அவர் அறைக்குப் போய் நின்றாள்.

"வா மீனா, உக்காரு" என்றார் அவர். உட்காரச் சொன்ன விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "இந்த வாட்டி எல்லாம் ஓட்டல் சாப்பாடும்மா. ஜனங்க அப்பிடித்தான் கேக்குறாங்க. எடுத்துக்கினு போயி ஆக்கிப் போடறது இப்ப யாருக்கும் புடிக்கல. சபரிமலைக்கு உன்ன கூப்புடுறேன்."

"சரிங்கண்ணே" என்றாள்.

வீட்டுக்கு நடந்து வந்தாள். வேலை போனது வருத்தம்தான், ஆனால் வேலை எப்படியும் கிடைக்கும். கல்யாணம் இல்லாத ஊர் உண்டா. அவளுக்கு மனசு என்னவோ செய்தது வேறு ஒன்றுக்காக. இந்த வருஷம் அந்த வளைவில் நிற்க முடியாது. அந்தப் புகை அவள் இல்லாமலே மேலே ஏறிப் போகும். இதை நினைத்ததும் அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஐம்பது வயசைத் தாண்டியவள், ஏறியே பார்க்காத ஒரு ரயிலுக்காக இப்படி ஏங்குவதா என்று.

கோதண்டராமனின் பஸ் புறப்பட்ட அன்று அவள் காய் வாங்கக் கடைத்தெருவுக்குப் போகவில்லை. பஸ் போய்த் திரும்பிவரும் வரை காத்திருந்தாள். திரும்பிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் டூருக்குக் கொண்டுபோகிற பையை எடுத்தாள். மேட்டுப்பாளையத்தில் அவர்கள் கண்ணில் பட வேண்டாம் என்று எண்ணம்.

பக்கத்து வீட்டு சுந்தராம்பாள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். இட்லிக் கடையில் அவளும் மீனம்பாளோடு வேலை செய்கிறவள்.

"எங்க பையெல்லாம் தூக்கிக்கினு?"

"கோயமுத்தூர்ல ஒரு கல்யாணம்."

"கோயமுத்தூர்ல ஒனக்கு யாரு?"

"சொந்தம்தான். தூரத்துச் சொந்தம்."

பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் முகம் சூடாகிவிட்டது. தனியாக ரயிலில் ஏறிப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் சுந்தராம்பாள் நம்பியிருக்க மாட்டாள், அல்லது நம்பிவிட்டு நாலு பேரிடம் சொல்லியிருப்பாள். கல்யாணம் என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

திருவண்ணாமலை போய், சேலம் போய், அங்கிருந்து கோயம்புத்தூர் பஸ் பிடித்து, மேட்டுப்பாளையம் போய்ச் சேரும்போது பகல் முழுவதும் கழிந்திருந்தது. ஸ்டேஷனில் பெண்கள் தங்குகிற அறையில் சுவரோரமாகத் துண்டை விரித்துப் படுத்தாள். ரிசர்வேஷன் இல்லாதவர்களுக்கு காலையில் கொஞ்சம் டிக்கெட் கொடுப்பார்கள் என்று டீக்கடைக்காரர் சொல்லியிருந்தார். இருட்டோடு எழுந்து போனபோது வரிசை ஏற்கெனவே வாசல் வரை வந்திருந்தது. குடும்பம் குடும்பமாக நின்றார்கள். ஒருவர் வரிசையில் நிற்க, மற்றவர்கள் டீ வாங்கி வந்து கொடுத்தார்கள். மீனம்பாள் இடத்தைவிட்டு நகர முடியாமல் நின்றாள். அவளுக்கு இரண்டு ஆள் முன்னால் கவுண்டரை மூடிவிட்டார்கள்.

"அவ்வளவுதாம்மா. நாளைக்கு வாங்க."

அவள் வரிசையைவிட்டு விலகினாள். பிளாட்பாரத்துக்குப் போய் ஒரு தூணோரம் நின்றாள். அப்போதுதான் அந்த ரயிலை முதன்முதலில் முழுசாகப் பார்த்தாள். நீலமும் வெளிர்மஞ்சளுமாகச் சின்னச் சின்னப் பெட்டிகள். இன்ஜின் முன்னால் இல்லை, பின்னால் வந்து பொருந்தியது. பின்னால் நின்று மலைமேல் தள்ளிக்கொண்டு போகுமாம். எண்ணெய் பிசுக்கேறிய நீலச் சட்டை போட்ட இரண்டு பேர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, மூட்டுக்கு மூட்டு எண்ணெய் விட்டார்கள், குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது போல. அதன் அடிவயிற்றிலிருந்து நீராவி சீறி அவள் கால் வரை வந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. இட்லி அண்டா மூடியைத் திறக்கும்போது முகத்தில் அடிக்குமே, அதே வெதுவெதுப்பு. வாசனைதான் வேறு.

ரயில் போனதும் பிளாட்பாரம் வெறிச்சென்று ஆகிவிட்டது. கூட்டுகிறவள் வந்து கூட்டிவிட்டுப் போனாள். மீனம்பாளுக்குத் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. ஆனால் திரும்பிப் போனால் கல்யாணம் எப்படி நடந்தது என்று சுந்தராம்பாள் கேட்பாள். ஒருநாளில் முடிந்த கல்யாணத்தை எப்படிச் சொல்வது.

அன்று பகலில் பவானி ஆற்றங்கரையில் பத்ரகாளியம்மன் கோவிலுக்குப் போய் உட்கார்ந்திருந்தாள். மதியம் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டாள். யாரோ சமைத்ததை உட்கார்ந்து சாப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டாள். குழம்பில் புளி தூக்கலாக இருந்தது. நன்றாகவே இருக்கிறது என்று பரிமாறியவரிடம் சொன்னாள். அவர் காதில் விழவில்லை, அடுத்த இலைக்குப் போய்விட்டிருந்தார்.

மறுநாள் வரிசையில் அவள்தான் முதல் ஆள்.

அவளுக்குக் கிடைத்தது கடைசிப் பெட்டி. இன்ஜினை ஒட்டியது. மூச்சு வாங்குகிற சத்தம் முதுகுக்குப் பின்னாலேயே கேட்டது. எதிர் இருக்கையில் காரைக்குடியிலிருந்து வந்த ஒரு பெரிய குடும்பம் நெருக்கியடித்து உட்கார்ந்தது. தாத்தா ஒருவர் மஞ்சள் சால்வை போர்த்தியிருந்தார். நிலா என்று ஒரு பேத்தி, நாலு வயசிருக்கும், மீனம்பாளின் மடியோரமாக வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க யார்கூட வந்திருக்கீங்க?" என்று தாத்தா கேட்டார்.

மீனம்பாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். இங்கே கல்யாணம் என்று சொல்ல முடியாது.

"நான் மட்டுந்தாங்க" என்றாள்.

அவர் ஆச்சரியப்படவில்லை. "அது நல்லதுதான். எனக்கு இவங்களோட வந்ததுல ஜன்னல் சீட்டே போச்சு" என்றார். குடும்பத்தார் சிரித்தார்கள். "எங்க ஊர்ல சின்னப் பிள்ளையில கரி வண்டிதான் ஓடுச்சு. அப்பா ஏத்திவிடுவாரு. அந்தச் சத்தத்த ஒருக்கா கேக்கணும்னுதான் வந்தேன். உங்களுக்கும் அப்படித்தானா?"

மீனம்பாள் யோசித்தாள். அவளுக்கு அப்படி எதுவும் இல்லை. சின்ன வயசில் அவள் எந்த ரயிலிலும் ஏறியதில்லை. அப்பா அவளை எங்கேயும் ஏற்றிவிட்டதும் இல்லை. கழனி வேலைக்குத்தான் கையைப் பிடித்துக்கொண்டு போவார். நினைத்துப் பார்த்துக்கொள்ள ஒன்றுமே இல்லாமல் இந்த வண்டி மேல் தனக்கு எப்படி ஆசை வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"சும்மா பாக்கலாம்னு வந்தேன்" என்றாள்.

கல்லாறு வரைக்கும் பாக்குத் தோப்புகளுக்கு நடுவே சமதரையில் ஓடிய வண்டி, அதற்குமேல் ஏறத் தொடங்கியது. தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் இருந்தது. அதைக் கவ்விக் கவ்வி ஏறியது. பக்கத்தில் நடந்து போகிறவன் முந்திவிடலாம், அவ்வளவுதான் வேகம். ஆனால் சத்தம் மட்டும் ஊரைக் கூட்டுகிற சத்தம். ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு மூச்சு, மூச்சுக்கு மூச்சு ஒரு பெருமூச்சு. மீனம்பாள் காதை அதிலேயே வைத்துக் கேட்டுக்கொண்டு வந்தாள். பஸ்ஸும் வேனும் இந்த மலையில் ஏறத்தான் செய்கின்றன. அவற்றின் கஷ்டம் யாருக்கும் தெரிவதில்லை. இதுவோ மலையேறுவது கஷ்டமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஏறுகிறது. புலம்புகிறது, வேர்க்கிறது, தாகமெடுத்தால் நின்றுவிடுகிறது. யாரும் அதை வாயை மூடு என்று சொல்வதில்லை. நின்றால் எல்லாரும் இறங்கிப் போய் அதைத் தடவிக்கொடுக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். அது தண்ணீர் குடித்து முடிக்கும்வரை காத்திருக்கிறார்கள்.

இதை அவள் இப்படி வார்த்தையாக நினைத்தாளா என்று சொல்ல முடியாது. ஆனால் ஹில்குரோவ் ஸ்டேஷனில் வண்டி தண்ணீருக்காக நின்றபோது அவளும் இறங்கிப் போய் இன்ஜின் பக்கத்தில் நின்றாள். டிரைவர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு கீழே குனிந்து பார்த்தார்.

"இந்தச் சூட்டுல நாள் பூரா நிக்கிறீங்களே" என்றாள் மீனம்பாள்.

"பழகிருச்சும்மா. வீட்ல எங்க சம்சாரம் ஃபேன் போட்டா எனக்குத் தூக்கம் வராது."

மீனம்பாள் சிரித்தாள். "எனக்கும்தான்" என்று சொல்ல வந்தாள். அதற்குள் ஒரு பையனும் பெண்ணும் இன்ஜினோடு படம் எடுக்க வந்து நின்றார்கள். அவள் ஒதுங்கிக்கொண்டாள்.

அந்த வளைவு எங்கே இருக்கிறது என்று அவள் வழியெல்லாம் தேடினாள். வீரமணி வேனை நிறுத்துகிற இடம். ரயிலிலிருந்து பார்த்தால் எதிர்ப்பக்கத்தில் தெரிய வேண்டும். ஆனால் எந்த இடத்திலும் ரோடு சரியாகத் தெரியவில்லை. எல்லாம் மரம், அதற்கு மேல் பனி. ஓரிடத்தில் மட்டும் ஏதோ எறும்பு மாதிரி ஊர்ந்தது. பஸ்ஸோ லாரியோ, தெரியவில்லை. அங்கே ஒருத்தி நின்று கையை ஆட்டினால் இங்கே இருக்கிற யார் கண்ணிலும் படாது. இத்தனை வருஷம் யாரோ பதிலுக்குக் கை ஆட்டியதாக நினைத்தது சும்மாதான். இது தெரிந்ததும் அவள் ஜன்னலைவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, அதற்காக அழுவதா என்று தோன்றி, மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது குகை வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் இருட்டு. பெட்டி முழுவதும் ஓவென்று கத்தியது. காரைக்குடித் தாத்தா கத்தினார், அவர் மகன்கள் கத்தினார்கள், பக்கத்துப் பெட்டியும் கத்தியது. புகை உள்ளே வந்து கண்ணை எரித்தது. மீனம்பாள் வாயைத் திறந்தாள். முதலில் சத்தம் வரவில்லை. துரைக்கண்ணு போனபோதும் அவள் கத்தியதில்லை. அக்கம்பக்கம் கேட்கும் என்று. பிறகு அவளுக்குள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரிதாக, அவளுக்கே அடையாளம் தெரியாத சத்தமாக வந்தது. இருட்டு இருந்தவரைக்கும் அது நிற்கவில்லை. வெளிச்சம் வந்தபோதும் அவள் வாய் திறந்தே இருந்தது. நிலா அவளை அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள்.

"இன்னொண்ணு வரும்" என்று சொன்னாள் குழந்தை.

வந்தது. நிறைய வந்தன. குன்னூர் போய்ச் சேரும்போது மீனம்பாளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அங்கே நீராவி இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜினை மாட்டினார்கள். அதற்குமேல் ஊட்டிக்குப் போக அவளுக்கு மனம் வரவில்லை. காரைக்குடிக் குடும்பம் கையசைத்துவிட்டுப் போனது. அவள் பஸ் பிடித்துக் கீழே இறங்கினாள்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது துரைக்கண்ணுவின் ஆட்டோ அங்கே நின்றது. அவன் அவள் பையைப் பார்த்தான். என்ன தோன்றியதோ, இறங்கி வந்தான்.

"எங்க போயிட்டு வர? கல்யாணத்துக்குப் போயிருக்கன்னு சுந்தராம்பா சொல்லுச்சு. யாரு கல்யாணம்?"

"கல்யாணம் இல்ல. ஊட்டி ரயிலு" என்றாள். தொண்டை கட்டிய குரலில் அது வேறு யாரோ பேசுவது போல இருந்தது.

"டூரா?"

"இல்ல. நான்தான் போனேன்."

"ஒண்டியாவா?" அவன் மறுபடியும் பையைப் பார்த்தான். "ஒண்டியா போயி இன்னா பண்ண?"

என்ன சொல்வது. கத்தினேன் என்று சொல்லலாமா. "உக்காந்துக்கினு போனேன்" என்றாள்.

"வா, வீட்டாண்ட எறக்கிவிடுறேன்."

"நடந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அவன் ஆட்டோவைக் கிளப்புகிற சத்தம் ரொம்ப நேரம் கழித்துத்தான் கேட்டது.

சுந்தராம்பாளிடம் மட்டும் ஓர் அமாவாசை அன்று, மாவு ஊற்றிக்கொண்டே, உண்மையைச் சொன்னாள். சுந்தராம்பாள் முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "பஸ்ஸ விட மெதுவா போவுதுன்ற. பொகைன்ற. குலுக்குதுன்ற. அப்புறம் அதுல இன்னாதான் இருக்குது?" என்றாள். மீனம்பாள் இட்லித் தட்டை மூடினாள். அதோடு யாரிடமும் சொல்வதை விட்டுவிட்டாள்.

அடுத்த சித்திரையில் கோதண்டராமனே வீடு தேடி வந்தார். ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் போன வருஷம் பாதிப் பேருக்கு வயிறு கெட்டுவிட்டதாம்.

"நீ வந்துரு மீனா. பழைய மாதிரியே."

"வரேண்ணே. ஆனா ரயில்லதான் வருவேன்."

அவர் திகைத்துப் பார்த்தார். "அப்ப குன்னூர்ல சாப்பாடு?"

"மேட்டுப்பாளையத்துலயே புளி சாதமும் எலுமிச்ச சாதமும் கட்டிடலாம். ரயில்லயே குடுத்துடலாம்."

யோசித்துப் பார்த்தபோது மண்டப வாடகை மிச்சம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். சரி என்றார்.

அந்த வருஷம் மீனம்பாள் செஞ்சிக்காரர்களோடு ரயிலில் போனாள். கல்லாறில் ஒருவருக்கு ஊறுகாய் வேண்டியிருந்தது. ஒரு பிள்ளை வாந்தி எடுத்தது. குகை வந்தபோது அவள் குனிந்து பையில் எவர்சில்வர் தட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். எல்லாரும் கத்தினார்கள். அவளும் வாயைத் திறந்தாள். பக்கத்தில் கோதண்டராமனின் சம்சாரம் உட்கார்ந்திருந்தார். மூடிக்கொண்டாள். ஹில்குரோவில் எல்லாரும் இறங்கி இன்ஜினிடம் போனார்கள். அவள் இலைகளைப் பொறுக்கி மூட்டை கட்டினாள். குன்னூரில் இறங்கும்போது எல்லாரும் அவளிடம் வந்து, சாப்பாடு பிரமாதம் என்று சொன்னார்கள். ஒருத்தர்கூட விடாமல் சொன்னார்கள். அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ரயிலில் வந்த மாதிரி இல்லை.

வேலையை அவள் விடவில்லை. மே மாதம் டூரில் போவாள், சோறு கட்டிக்கொடுப்பாள். ஆவணியில் ஒருமுறை, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, தனியாகப் போவாள். சுந்தராம்பாள் இப்போது எதுவும் கேட்பதில்லை. வீட்டுச் சாவியை வாங்கி வைத்துக்கொள்கிறாள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். ஒரு வருஷம் மண் சரிந்து ரயில் ஓடவில்லை. ஷெட்டில் ஓர் இன்ஜினுக்கு நெருப்பு மூட்டுவதை வேலியோரம் நின்று பார்த்துவிட்டு ஊர் திரும்பினாள்.

போன ஆவணியில் போனபோது பெட்டியில் பாதி இடம் காலி. எதிரே ஒரு பெண் வழி முழுவதும் தூங்கிக்கொண்டே வந்தாள். கல்லாறு தாண்டியதும் சாரல் பிடித்தது. ஜன்னலை மூடச் சொல்ல யாரும் இல்லை. மழை உள்ளே அடித்தது, கூடவே கொஞ்சம் புகையும். மீனம்பாளுக்கு முகமும் முன்நெற்றி நரையும் நனைந்தன. துடைத்துக்கொள்ளாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.